ஒரே மிதியில் நிற்கிற வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவே பேனா எடுத்திருக்கிறாரே, யாருக்கு என்ன ஆச்சோ என்று முதல் வரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாக அதைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். உன் அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "போன்ல நீங்க பேசினா ஹலோல ஆரம்பிச்சு இரும்பு விலையில போய் நிப்பீங்க, சொல்ல வேண்டியது வாயிலயே நிக்கும், உக்காந்து எழுதுங்க, நான் போட்டோ பிடிச்சு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால் பட்டறையில் அளவு குறிக்கிற நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன், பின்பக்கம் யாருடைய ஜன்னல் அளவாவது இருந்தால் அதைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. கையெழுத்து புரியாத இடத்தில் அம்மாவைக் கேள், அனுப்புவதற்கு முன்னால் எப்படியும் அவள் இரண்டு தடவை படித்திருப்பாள்.

வீட்டில் மாடித் தொட்டி ஒழுகுவது ஒரு வழியாக நின்றுவிட்டது. நீ அனுப்பிய ரப்பர் பந்தை அம்மா தினமும் டிவி பார்த்துக்கொண்டே அமுக்குகிறாள், மணிக்கட்டு முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் துணி பிழிவது மட்டும் இன்னும் என் பொறுப்புதான். நான் பிழிகிற அழகைப் பார்த்து, துணி காய்வதற்குள் கிழிந்துவிடும் என்று தினமும் ஒரு பாட்டு பாடுகிறாள். அது இருக்கட்டும். உன் ஆஸ்பத்திரியில் ஒரு வண்டியைக் கையில் கொடுத்து, எழுந்து வர முடியாதவர்களின் வீடுகளுக்கே போய் கைகால் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றும், வண்டியை நீயே ஓட்ட வேண்டும் என்பதால் முடியாது என்று எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்றும் அம்மா போன வாரம் சொன்னாள். மாதக் கடைசிக்குள் பதில் கொடுக்க வேண்டுமாமே. "எனக்கு பிரேக்ல கால் நிக்காதும்மா, அப்பாவே சொல்லியிருக்காரே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாயாம். அதை அம்மா சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், சரிதானே, ஓட்ட வராதவள் ஓட்டாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பதிலை நீ இன்னும் கொடுத்திருக்கக் கூடாதே என்றுதான் இப்போது மனசு அடித்துக்கொள்கிறது. கொடுக்காமல் இருந்தால், இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கொடு.

பட்டறைக் கேட்டெல்லாம் ஏற்றுகிற நம் குட்டி லாரி கொஞ்ச நாளாக பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் தீய்ந்த வாடை வேறு. பதினெட்டு வயது வண்டி, அதற்கும் மூட்டு பிடிக்காதா என்ன. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் காலிப்பரில் துரு ஏறி பிஸ்டன் உறைந்துபோயிருந்தது. நீ மறந்திருப்பாய், காலிப்பர் என்பது சக்கரத்துக்குள் சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்விதான், அது கவ்வினால் வண்டி நிற்கும், கவ்வாவிட்டால் கடவுள்தான் நிறுத்த வேண்டும். நம் மெக்கானிக் கடையில் விட்டால் மூன்று நாள் ஆகும், இரும்பிலேயே ஆயுசைப் போக்கியவனுக்கு இரண்டு போல்ட் பெரிய விஷயமா என்று நானே ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிட்டேன். புதுசாக இரண்டு காலிப்பர் வாங்கி வந்தேன், அட்டைப்பெட்டி மேலேயே ஒன்றில் இடது, ஒன்றில் வலது என்று தெளிவாகப் போட்டிருந்தது. லாரிக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து, பெட்டியை அந்தந்தப் பக்கம் வைத்து, பழசைக் கழற்றிப் புதுசைப் பூட்டினேன். பிரேக் ஆயில் வருகிற ரப்பர் குழாய் மட்டும் லேசாக முறுக்கிக்கொண்டு நின்றது, புதுசுதானே, போகப் போகப் பழகிக்கொள்ளும் என்று தட்டிக் கொடுத்துவிட்டேன். பத்து மணிக்கெல்லாம் கையைக் கழுவிவிட்டு, பார்த்தாயா என்கிற மாதிரி உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் அந்த முறுக்கின குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் காற்றெடுக்கிற வேலை. காலிப்பரை மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், காற்று இருந்தால் பெடல் தலையணை மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து காலிப்பரில் காற்று விடுவதற்கென்று இருக்கிற சின்னத் திருகை, அதாவது நிப்பிளை, திறக்க வேண்டும், ஆயிலோடு காற்று கொப்பளித்து வெளியே வரும், மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். அம்மாவை ஏற்றி உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னமோ விமானம் ஓட்டப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். நான் கீழேயிருந்து மிதி என்பேன், அவள் மேலேயிருந்து மிதிச்சாச்சு என்பாள், நான் திறந்து மூடி விடு என்பேன். முதல் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டேதான் செய்தோம். ஒரு பாட்டில் ஆயில் தீர்ந்தது, பெடல் கெட்டிப்படவில்லை. இரண்டாவது பாட்டிலைப் பாதி தீர்த்தோம், அப்போதும் முதல் மிதிக்குப் பெடல் தரைக்குப் போய்விடுகிறது, இரண்டாவது மூன்றாவது மிதிக்குத்தான் கொஞ்சம் தாங்குகிறது. வெயில் ஏறிவிட்டது, முதுகில் ஜல்லி குத்துகிறது, கண்ணில் ஆயில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. என் வாய் உனக்குத் தெரியாதா. நான் மூடறதுக்கு முன்னாடியே காலை எடுக்கிறே, ஒழுங்கா மிதி என்று கத்தினேன். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மிதிக்கத்தான் செய்யறேன், அது பாட்டுக்குக் கீழ போகுதுன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று மேலேயிருந்து கத்தினாள்.

பாப்பா, நான் கீழே படுத்த வாக்கில் அப்படியே கிடந்தேன். அந்த வார்த்தையை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ அம்மாவைப் பல் டாக்டரிடமிருந்து கூட்டி வந்து, தெருவின் மேட்டிலிருந்து இறங்கி, நான் செய்த நம் வீட்டு கேட்டிலேயே லாரியைக் கொண்டுபோய் இடித்தாயே, அன்றைக்கு ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு நீ சொன்னதும் இதுதான். "மிதிச்சேன்பா, அது கீழ போயிடுச்சு." நான் பட்டறையிலிருந்து ஓடி வந்து பார்த்தால், அம்மா ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கேட் ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கிறது, தெருவே கூடி நிற்கிறது, அத்தனை பேருக்கு முன்னால், மிதிக்கத் தெரியாதவளுக்கு ஸ்டியரிங் ஒரு கேடா என்று கேட்டேன். நீ சாவியை என் கையில் கொடுத்தாய். அதற்கப்புறம் நீ எந்த வண்டியின் ஓட்டுநர் சீட்டிலும் உட்கார்ந்ததில்லை, அங்கே போய் இத்தனை வருஷம் ஆகியும் மழையிலும் குளிரிலும் இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போகிறாய். அதைப் பற்றி நானும் ஒரு நாளும் கேட்கவில்லை.

நான் எழுந்து உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நிப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தபோது நம் மெக்கானிக் வந்தான், ஒவ்வொரு போல்ட்டையும் பொறுமை பொறுமை என்று சொல்லிக்கொண்டே கழற்றுவானே, அதனால் நீ பொறுமை என்றே பெயர் வைத்தாயே, அவன்தான். அவன் வீட்டு ஜன்னல் கம்பிக்கு அளவு கொடுக்க வந்தவன், என் கோலத்தைப் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தான், விரலால் நிப்பிளைத் தொட்டுப் பார்த்தான், சிரித்தான். "அண்ணே, நிப்பிள் பூமியப் பாத்துக்கிட்டு இருக்கே. காத்து மேல போகுமா, கீழ போகுமா? இடதும் வலதும் மாத்திப் பூட்டியிருக்கீங்க" என்றான். நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டுமாம், பக்கம் மாறினால் அடியில் வந்துவிடுமாம், அப்புறம் பத்து பாட்டில் ஆயில் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று வெளியே வராதாம். பெட்டியில் போட்டிருந்தபடிதானே பூட்டினேன் என்று நான் சண்டைக்குப் போனேன். எந்தப் பக்கம் உட்கார்ந்து பூட்டினீங்க என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. கேட் செய்கிறவனுக்கு இடது கதவு வலது கதவு என்பது தெருவில் நின்று வீட்டைப் பார்க்கும்போது வருவது, முப்பத்தைந்து வருஷமாக எனக்கு அதுதான் இடது, அதுதான் வலது. வண்டிக்கோ ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் லாரியின் மூஞ்சியைப் பார்த்து உட்கார்ந்து, அதை ஒரு கேட் மாதிரி நினைத்துப் பூட்டியிருக்கிறேன். சரி, கிறுக்குத்தனம், சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், பொறுமை அதோடு நிறுத்தவில்லை. "போன தடவையும் இதேதான் பண்ணியிருந்தீங்க" என்றான்.

எந்தப் போன தடவை என்று கேட்டேன். கேட்டில் இடித்துவிட்டு அவன் கடைக்கு வந்ததே, அந்தத் தடவை என்றான். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் நான் முதன்முதலாக வீட்டிலேயே காலிப்பர் மாற்றியிருந்தேன், நினைவிருக்கிறதா, நீகூட அன்றைக்கு எனக்கு டார்ச் பிடித்தாய். இடித்த வண்டியைப் பிரித்தபோது அவன் பார்த்திருக்கிறான், இடது வலது மாறியிருந்திருக்கிறது, அவன் பாட்டுக்கு மாற்றிப் பூட்டி, காற்றெடுத்து அனுப்பியிருக்கிறான். ஏண்டா அன்னிக்கே சொல்லலே என்று அவன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்ல வந்தேண்ணே. நீங்க கடையில நின்னு பாப்பாவத் திட்டிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல பேசினா ஸ்பேனர எடுத்து வீசுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. அப்புறம் பாப்பாவும் வெளியூர் போயிடுச்சு, சரி இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருமோ என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவே இல்லை. வர வேண்டிய இடம் வேறு என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அம்மா சீட்டில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இறங்கி, செருப்பைக்கூட மாட்டாமல் உள்ளே போய்விட்டாள். பொறுமையும் நானுமாக இரண்டையும் கழற்றி மாற்றிப் பூட்டினோம், குழாய் முறுக்கும் தானாக நேராகிவிட்டது. அவன் மிதிக்க நான் திறந்தேன், நாலே நாலு மிதிதான், காற்றெல்லாம் புசுபுசுவென்று வந்து தீர்ந்தது, பெடல் கல் மாதிரி நின்றது. அவன் போன பிறகு நான் சமையலறைக்குப் போய், நான் வேணும்னு செய்யலையே என்று ஆரம்பித்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "என் கையை நீங்க ஒடிச்சீங்க, அவ ஒடிச்சதா நெனச்சு அவ ஆறு வருஷம் அழுதிருக்கா. ஒவ்வொரு தடவ போன் பண்ணும்போதும் மொதல்ல என் கையத்தான் கேப்பா, ஏன்னு உங்களுக்குத் தெரியுமா? என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவகிட்ட சொல்லுங்க" என்றாள். உனக்கு இந்தக் கைகால் பயிற்சிப் படிப்பின் மேலேயே ஏன் மனசு போனது என்றுகூட எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது, அதை உன்னிடம் கேட்கத் தைரியம் இல்லை, நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, தெரு மேட்டுக்குப் போய்த் திருப்பி, அதே இறக்கத்தில் இறங்கினேன். பிரேக் போட்டேன், முகத்தில் அடித்த மாதிரி நின்றது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "அதான் நின்னுடுச்சே, எதுக்கு ரெண்டாவது தடவ மிதிக்கிறீங்க" என்று கேட்டாள். நான் என் காலைப் பார்த்தேன். நிஜம்தான், வண்டி நின்ற பிறகும் என் கால் மறுபடி ஒரு மிதி மிதித்திருக்கிறது. பழைய பழைய லாரிகளில் ஓட்டிப் பழகினவன், எந்த வண்டியானாலும் முதல் மிதியை நம்பாமல் மிதித்து, விட்டு, மறுபடி மிதிப்பது என் காலுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. நீ அன்றைக்குச் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே எனக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும், அப்படி ஒரு கேள்வியே இல்லாத மாதிரி நடந்துகொண்டேன். பிரேக் கெட்டிருந்தால் அந்த மூன்று வாரமும் நான் எப்படி ஓட்டினேன்? இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். முதல் மிதி வீணாகப் போக, இரண்டாவது மிதியில் நிறுத்தி, அதைக் கவனிக்காமலேயே வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். நீ முறையாகப் பழகியவள், லைசென்ஸ் வாங்கி நாலு மாதம், ஒரு தடவை அழுத்தி மிதித்து நம்பிக்கையோடு பிடித்துக்கொண்டாய், வண்டி நிற்காததைப் பார்த்து ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தாய். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நீ செய்தாய். வண்டிதான் பொய் சொன்னது, அந்தப் பொய்யை அதன் வாயில் வைத்தவன் நான்.

தெருவில் வைத்துத் திட்டியதை வீட்டுக்குள் உட்கார்ந்து திருப்பி எடுத்தால் சரியாக இருக்காது என்று, மறுநாள் காலையில் ஒவ்வொரு கடையாகப் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருக்கட்டுமே. ஜெராக்ஸ் கடைக்காரர் நான் கேட் காசு வசூலிக்க வந்தேன் என்று நினைத்து உள்ளே ஒளியப் பார்த்தார். கடைசியாக மேட்டில் இருக்கிற தையல்காரரிடம் போய், என் பெண் மேல் தப்பில்லை, அன்றைக்கு பிரேக்கை நான்தான் மாற்றிப் பூட்டியிருந்தேன் என்றேன். அவர் மெஷினை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, என்னை ஏதோ தெரிந்த சங்கதியைப் புதுசாகச் சொல்ல வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "தெரியுங்களே. வண்டி என் கடையத் தாண்டினதுலேர்ந்து உங்க கேட்ல மோதற வரைக்கும் பின்னாடி செவப்பு லைட்டு அணையவே இல்ல. பாப்பா மிதிக்கலேன்னா அது எப்படிங்க எரியும்? அன்னிக்கே சொல்லலாம்னு எறங்கி வந்தேன். நீங்க போட்ட சத்தத்துல பாதியிலயே திரும்பிட்டேன்" என்றார். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், பாப்பா. அவர் தண்ணீர் கொடுத்தார். நீ மிதித்ததற்குச் சாட்சி தெருவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தது, நீ மிதித்ததற்குச் சாட்சி மெக்கானிக் கையில் ஆயிலோடு நின்றது, இரண்டு பேர் வாயையும் என் வாய்தான் அடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மடங்கின கேட்டை நிமிர்த்தினேனே தவிர, தாழ்ப்பாளை மட்டும் சரி செய்யாமல் விட்டிருந்தேன், தினமும் கேட்டைத் தூக்கித் தூக்கித்தான் மூடுவோம். ஊருக்கே கேட் செய்கிறவன் வீட்டுக் கேட் இப்படியா என்று எல்லோரும் கேலி செய்வார்கள், நேரமில்லை என்பேன். நேரமெல்லாம் இருந்தது. நீ வரும்போதெல்லாம் அது உனக்குத் தெரியட்டும் என்றுதான் விட்டு வைத்திருந்தேன். நீயும் ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒன்றும் சொல்லாமல் தூக்கி மூடிவிட்டுத்தான் உள்ளே வருவாய். நேற்று அதைக் காய்ச்சி அடித்து நேராக்கிவிட்டேன், இப்போது ஒரு விரலால் தள்ளினால் போய்ப் பொருந்திக்கொள்கிறது. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அளவு நோட்டில் அந்த வார்த்தை என் கையெழுத்தில் யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், என்னை மன்னித்துக்கொள் பாப்பா. உடனே முடியாவிட்டால் மெதுவாகச் செய், எனக்கும் ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த வேலைக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன், உன் காலைப் பற்றி நான் சொன்ன லட்சணம்தான் தெரிந்துவிட்டதே. போவதென்றால், எந்த வண்டியில் ஏறினாலும் நகர்வதற்கு முன்னால் ஒரு தடவை பிரேக்கை மிதித்துப் பார், முதல் மிதியிலேயே தாங்க வேண்டும், தாங்கவில்லை என்றால் யார் பூட்டிய வண்டியானாலும், உன் அப்பனே பூட்டியதானாலும், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கு. குளிரில் காதை மூடிக்கொள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகாதே. அம்மா ஊறுகாய் அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாள், நீ வேண்டாம் என்றாலும் அனுப்பத்தான் போகிறாள். அடுத்த முறை நீ வரும்போது லாரிச் சாவி ஆணியில்தான் தொங்கும், எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, நீ எடுத்தால் நான் பக்கத்துச் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன். அம்மா இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

நீ நூறு வருஷம் நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முடியாது என்று எழுதிக் கொடுப்பதானால் காரணம் என்ன என்று கேட்பார்களாமே, அந்த இடத்தில் தூரம் என்று எழுது, பிடிக்கவில்லை என்று எழுது, இஷ்டமில்லை என்றுகூட எழுது. ஓட்டத் தெரியாது என்று மட்டும் எழுதாதே. அது பொய். நீ மிதித்தாய்.

இப்படிக்கு,
இடது வலது இப்போதுதான் கற்றுக்கொண்ட
உன் அப்பா